அம்மாவின் மைலோ டின்னும் கிளிமீனும்

"கடலுக்குள்ள யாரோ முறுக்கு கடிக்கிறாங்கடி!"

தண்ணீரிலிருந்து முகத்தை எடுத்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை இதுதான். அம்மாவுக்கு 68 வயது. நீச்சல் தெரியாது. கைலிக்கு மேல் என் கணவரின் டீ சட்டை, அதற்கு மேல் ஆரஞ்சு நிற உயிர்காப்பு மேலங்கி. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, காற்று வளையத்தை ஒரு கையாலும் என் தோளை மறு கையாலும் பிடித்திருந்தார். பேத்தி கெஞ்சிக் கேட்டதால்தான் கண்ணாடி முகமூடியை மாட்டிக்கொண்டார். "ஒரே ஒரு தடவைதான்" என்று சொல்லித் தலையைக் குனிந்தவர் இப்போது மறுபடியும் குனிந்துவிட்டார். இந்த முறை எழவே இல்லை. நான் பயந்துபோய் முதுகைத் தட்டினால், "சும்மா இரு" என்பதுபோல் கையை ஆட்டுகிறார்.

நானும் முகத்தை உள்ளே விட்டேன். உண்மைதான். கரக், கரக், கரக். நாலைந்து அடி தள்ளி, பச்சையும் நீலமும் கலந்த ஒரு மீன் பாறையைக் கடித்துக்கொண்டிருந்தது. கடித்த இடத்தில் வெள்ளையாக இரண்டு கீறல்.

பெர்ஹெந்தியான் தீவில் எங்களுக்கு அது இரண்டாவது நாள்.

பள்ளி விடுமுறைக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் கேமரன் மலையில் தொடங்கி கேமரன் மலையிலேயே முடியும். இந்த முறை மகள் முந்திக்கொண்டாள். பன்னிரண்டு வயது. கடல் ஆமை பார்க்க வேண்டுமாம். கிள்ளானிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி, குவா மூசாங் வழியாகக் கோலா பெசுட் படகுத் துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று ஆகிவிட்டது. காரில் ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. முதியவர்களோடு போகிறவர்கள் கோத்தா பாருவுக்கு விமானத்தில் போய் அங்கிருந்து வாடகைக் கார் எடுப்பது நல்லது. நாங்கள் காசைப் பார்த்தோம், அம்மாவின் முழங்கால் அதற்கு வட்டி கட்டியது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழைக் காலம், பெரும்பாலான விடுதிகளை மூடிவிடுவார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படகுத் துறையில் கடல் பூங்காக் கட்டணம் கட்டி, வேகப்படகில் அரை மணி நேரத்துக்கு மேல் குலுங்கிப் போனால் தீவு. 'பெர்ஹெந்தியான்' என்றால் மலாயில் நிற்கும் இடம். படகு நின்றதும் அம்மா இறங்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டே இருந்தார். ஆளுயரத் தண்ணீரில் அடி மணல் தெளிவாகத் தெரிந்தது.

"இதுவும் கடலா?" என்றார்.

இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. அம்மா பிறந்து வளர்ந்தது கேரித் தீவுத் தோட்டத்தில். அவர் அறிந்த கடல் சேற்றுக் கடல். கிள்ளான் ஆறும் லங்காட் ஆறும் கொண்டுவந்து கொட்டும் வண்டல், கரையெல்லாம் சதுப்புக் காடு, கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும் கறுப்புச் சேறு. அங்கே நண்டு பிடிக்கலாம், குளிக்க முடியாது. கண்ணாடி மாதிரி ஒரு கடலை இந்த வயதில்தான் பார்க்கிறார். நான் இதற்கு முன்பே கூட்டி வந்திருக்கலாம்.

அன்று மாலை அவர் கடற்கரையில் உட்கார்ந்து மணலை அள்ளி அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தார். பிறகு அறைக்குள் போய், வீட்டிலிருந்து பிஸ்கட் போட்டுக் கொண்டுவந்த மைலோ டின்னைக் காலி செய்து எடுத்து வந்தார். எங்கள் பூசை அறையில் ஊதுபத்தி செருக ஒரு பித்தளைக் கிண்ணம் இருக்கிறது. அதில் இருப்பது கட்டுமான வேலை நடந்த இடத்திலிருந்து கொண்டுவந்த மணல், எப்போதும் ஒரு மங்கிய நிறம். "சாமிக்கு இந்த மணலைக் கொண்டுபோய்ப் போடணும். பால் மாதிரி இருக்கு" என்றார். டின் நிறைந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில்தான் முறுக்குச் சத்தம். மதியம் படகில் ஷார்க் பாயிண்ட் என்ற இடத்துக்குப் போனோம். பெயரைக் கேட்டு அம்மா படகிலேயே உட்கார்ந்துகொண்டார். அங்கே வரும் சுறாக்கள் முதுகுத் துடுப்பில் கறுப்பு நுனி கொண்ட சின்னச் சுறாக்கள், மனிதரைக் கண்டால் விலகி ஓடுபவை. நாங்கள் இரண்டைப் பார்த்தோம். ஆனால் என் மகள் இன்றுவரை பேசிக்கொண்டிருப்பது சுறாவைப் பற்றி அல்ல.

முதலில் ஒரு நிழல் மாதிரிதான் தெரிந்தது. பிறகு அது மீன் கூட்டமாயிற்று. ஒவ்வொன்றும் என் மகளின் பாதி உயரம் இருக்கும். சாம்பல் பச்சை நிறம், நெற்றியில் பெரிய புடைப்பு, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பற்கள். எண்ணினோம், பதினான்கு. மாட்டு மந்தை மேய்ந்துகொண்டு போவதுபோல் எங்களைக் கண்டுகொள்ளாமல் கடந்து போயின. போகிற வழியில் பவளப்பாறையில் முட்டி, கடித்து, மென்று, அடுத்த பாறைக்கு நகர்ந்தன. அந்தச் சத்தம் முறுக்குச் சத்தம் அல்ல, கல் உடைக்கும் சத்தம். இவைதான் முட்டுத்தலைக் கிளிமீன்கள். கிளிமீன் குடும்பத்தில் ஏறக்குறைய நூறு வகை உண்டு. அவற்றில் மிகப் பெரியவை இவை. 1.3 மீட்டர் நீளமும் 46 கிலோ எடையும் வரை வளரும். நாற்பது வயது வரை வாழும்.

அவற்றைப் பின்தொடர்ந்து போக ஆசைப்பட்டு நான் ஒரு தவறு செய்தேன். முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது. மூச்சு முட்டியது. பதற்றத்தில் காலைக் கீழே ஊன்றினேன். காலுக்கடியில் 'படக்' என்று ஒன்று முறிந்தது. மான்கொம்பு போல் கிளைத்திருந்த பவளம். படகோட்டி அதைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. அருகே நீந்தி வந்து என் கையைப் பிடித்து மணல் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, முறிந்த கிளையை விரலால் காட்டினார், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். மான்கொம்புப் பவளம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில் வளரக்கூடியது. உருண்டைப் பாறையாக வளரும் பவளங்களோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்தான். நான் முறித்தது வேகமாக வளரும் வகை என்று பிறகு படித்தபோது கொஞ்சம் ஆறுதல், ஆனாலும் அந்தச் சத்தம் இன்னும் காலில் இருக்கிறது.

படகில் ஏறியதும் மகள் தன் பாட்டியிடம் கத்தினாள்: "பாட்டி! அது ஆய் போகுது பாட்டி! வெள்ளையா, மாவு கொட்டுற மாதிரி!"

அம்மா என்னைப் பார்த்தார். நான் படகோட்டியைப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். "மாக் சிக்," என்று அம்மாவை அழைத்துக் கரையைக் காட்டி மலாயில் சொன்னார்: "அதோ அந்த மணல், அதில் பாயான் மீன் போட்டதும் நிறைய இருக்கிறது."

மலாயில் கிளிக்கும் பாயான் என்றுதான் பெயர், இந்த மீனும் இக்கான் பாயான். தமிழிலும் கிளிமீன். வாயைப் பார்த்தால் வேறு பெயர் வைக்கத் தோன்றாது. மதுரை மீனாட்சிக்குப் பெயரில் மீன், கையில் கிளி. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த உயிர் நம் கடலில் நீந்துகிறது என்று நினைத்தபோது எனக்கு ஒரு சந்தோஷம்.

அந்தக் கிளிமூக்கு உண்மையில் மூக்கே அல்ல, பற்கள். சுமார் ஆயிரம் பற்கள் பதினைந்து வரிசைகளாக ஒன்றோடொன்று ஒட்டி அலகு போல் ஆகியிருக்கின்றன. முன்வரிசை தேய்ந்து விழ, பின்வரிசை முன்னால் வரும். 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எக்ஸ் கதிர் கொண்டு இந்தப் பல்லை ஆராய்ந்தார்கள். உள்ளே இருந்த படிகங்கள் நெசவு மாதிரி, பாவும் ஊடுமாகப் பின்னிக் கிடந்தன. ஃபுளோரபடைட் என்ற தாது. ஒரு சதுர அங்குலம் 530 டன் அழுத்தத்தைத் தாங்குமாம். நாம் பற்பசையில் ஃபுளோரைடு சேர்த்துப் பல்லைக் காப்பாற்றப் பார்க்கிறோம். இந்த மீனுக்குப் பல்லே அதனால் ஆனது.

கடித்த கல் அப்படியே உள்ளே போனால் என்ன ஆவது? தொண்டைக்குள் இன்னொரு ஜோடிப் பல் இருக்கிறது. நம் பாட்டிமார் வீட்டுத் திருகைக் கல் மாதிரி வேலை செய்யும். மேல்தட்டும் கீழ்த்தட்டும் உரசிக் கல்லை மாவாக்கும். கிளிமீனுக்கு இரைப்பை கிடையாது. அரைத்த மாவு நேராகக் குடலுக்குப் போகிறது. கல்லின் மேலும் உள்ளேயும் ஒட்டி வாழும் பாசியும் நுண்ணுயிர்களும்தான் அதற்கு உணவு. மிச்சமெல்லாம் சுண்ணாம்பு மணல், வெளியே வந்துவிடும். நாம் பார்த்த அந்த முட்டுத்தலை மீன் ஒன்று ஓர் ஆண்டில் கடித்துத் தள்ளும் பாறை ஐந்து டன்னுக்கும் மேல் என்று ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சின்ன லோரி நிறைய! பதினான்கு மீனுக்குப் பதினான்கு லோரி.

பெர்ஹெந்தியான் மணல் முழுவதும் மீன் போட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இந்தத் தீவு கிரானைட் பாறைத் தீவு. அந்தப் பாறை உடைந்த துகளும், சிப்பி நொறுங்கியதும், அலை அடித்து உடைத்த பவளமும் கலந்துதான் கரை. ஆனால் மாலத்தீவில் கிரானைட்டே இல்லை. அங்கே வக்காரு என்ற ஒரு தீவைச் சுற்றியுள்ள பவளத்திட்டில், புதிதாக உருவாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கும் மேல் கிளிமீன்கள் தருவது என்று 2015-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தேனிலவுப் படங்களில் பார்க்கிறோமே அந்த வெள்ளைக் கரை, அது இந்த மீன் மென்று போட்டது.

இதையெல்லாம் அன்று இரவு சாப்பாட்டு மேசையில் கைப்பேசியைப் பார்த்து நான் படித்துக் காட்டினேன். மகள் சிரிப்பை அடக்க முடியாமல், "பாட்டி, அப்போ பூசை அறையில மீன் ஆயியா வைக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டாள். என் கணவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் மகளை அதட்டலாமா என்று யோசிப்பதற்குள் அம்மா மீன் முள்ளை ஓரம் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"விபூதி எதுல பண்றாங்க? சாணியிலதானே. அதை நெத்தியில வைக்கிறோம்ல."

அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

சாப்பிட்ட பிறகு என் கணவரும் மகளும் வழிகாட்டியோடு டார்ச் விளக்கு எடுத்துக்கொண்டு இரவுக் கடல் பார்க்கப் போனார்கள். நான் போகவில்லை, காலில் இன்னும் அந்த 'படக்' இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து மகள் நடுங்கிக்கொண்டே ஓடி வந்தாள். பாறை இடுக்கில் ஒரு கிளிமீன் தூங்கிக்கொண்டிருந்ததாம். அதைச் சுற்றி நெகிழிப் பை மாதிரி ஒன்று. முதலில் யாரோ போட்ட குப்பைப் பையில் மீன் மாட்டிக்கொண்டது என்று நினைத்து அழவே தொடங்கிவிட்டாளாம். வழிகாட்டி கிட்டே போக விடாமல் தடுத்து, விளக்கையும் வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

அது பை அல்ல. கிளிமீன்களில் சில வகைகள் இரவில் தூங்கப் போகும் முன் தங்கள் செவுள் பக்கத்துச் சுரப்பிகளிலிருந்து கோழை விட்டு, உடல் முழுவதையும் மூடி ஒரு கூடு கட்டிக்கொள்கின்றன. தினமும் புதுக் கூடு. எதற்காக என்று நெடுங்காலம் விவாதம் இருந்தது. 2010-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்தார்கள். கூட்டை மெல்ல நீக்கிவிட்டுச் சில மீன்களையும், கூட்டோடு சில மீன்களையும், இரத்தம் உறிஞ்சும் சின்னக் கடல் பூச்சிகளோடு விட்டுப் பார்த்தார்கள். கூடில்லாத மீன்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் கடிபட்டன. கூட்டுக்குள் இருந்தவற்றில் பத்தில் ஒன்றுதான் கடிபட்டது. ஆக, அது கொசுவலை. தோட்டத்து வீட்டில் ஆறு பிள்ளைகளும் ஒரே கொசுவலைக்குள் படுத்துத் தூங்கிய அம்மாவுக்கு இதை விளக்கவே தேவையிருக்கவில்லை. "பாவம், அதுக்கும் கொசுவா" என்றார்.

தூக்கம்தான் இந்த மீனின் பலவீனமும். பகலெல்லாம் மேய்வதால் இரவில் அசைவில்லாமல் உறங்கும். முட்டுத்தலை மீன்கள் ஆழம் குறைந்த இடத்தில் கூட்டமாகவே தூங்கும். பசிபிக் தீவுகளில், பிஜி, சாலமன் போன்ற இடங்களில், நீருக்கடியில் எரியும் டார்ச் விளக்கும் ஈட்டியும் வந்த பிறகு ஒரே இரவில் கூட்டமாக வேட்டையாடினார்கள். மெதுவாக வளரும் மீன், போனால் திரும்பி வர நாளாகும். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இது அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய இனமாக இருக்கிறது. நாங்கள் பதினான்கைப் பார்த்தோம் என்றதும் படகோட்டி ஏன் அவ்வளவு பெருமையாகத் தலையாட்டினார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மூன்றாம் நாள் காலை அம்மா தானாகவே முகமூடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். விடுதிக்கு முன்னால் இருந்த திட்டிலேயே கிளிமீன்கள் நிறைய. அரை மணி நேரம் கழித்துக் கரைக்கு வந்தவர், "இது நம்ம பாசார்ல வர்ற மீன்தானேடி" என்றார். "பச்சையா ஒண்ணு வரும், செங்காவியா ஒண்ணு வரும். பச்சை கொஞ்சம் பெருசா இருக்கும். ரெண்டும் வேற வேற மீனுன்னு நினைச்சேன். இங்க ஒண்ணாவே மேயுது."

படகோட்டி சொன்ன பதிலை அம்மாவுக்கு மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கிளிமீன் வகைகள் பலவற்றில், பிறந்து வளரும் காலத்தில் மங்கிய நிறம், பெரும்பாலும் பெண். கூட்டத்தில் ஒரு பெரிய ஆண், பளிச்சென்ற நிறம். அந்த ஆண் இறந்துவிட்டால் பெண்களில் பெரியது மெல்ல நிறம் மாறி, உடலும் மாறி, ஆணாகிவிடும். பழைய காலத்து விஞ்ஞானிகளே ஆணையும் பெண்ணையும் வேறு வேறு இனமென்று எண்ணித் தனித்தனிப் பெயர் வைத்து, பிறகு வந்தவர்கள் அதையெல்லாம் திருத்த வேண்டியிருந்தது. அம்மா தவறாக நினைத்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"பெரிய வீட்டுக்காரர் செத்துட்டா மூத்த மருமக பொறுப்பெடுத்துக்குற மாதிரி" என்று அம்மா முடித்துவிட்டார். அப்பா இறந்தபோது அம்மாவுக்கு 41 வயது. கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போய் எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். இதை அவர் தன்னைப் பற்றிச் சொன்னாரா மீனைப் பற்றிச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

பெரிய மீனாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதும் இதிலேயே இருக்கிறது. ஆண்கள் முதலில் போகும், பிறகு மாற வேண்டிய பெரிய பெண்களும் போகும். மிஞ்சுவது குட்டிகள்.

"அது பவளத்தைக் கடிக்குது, அம்மாவும் பவளத்தை உடைச்சாங்க. ரெண்டு பேரும் வில்லன்தானே?" என்று மகள் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். முட்டுத்தலை மீன் தின்பதில் ஏறக்குறைய பாதி உயிருள்ள பவளம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மற்ற கிளிமீன்கள் பெரும்பாலும் சுரண்டுவது இறந்த பாறையை. கடல் சூடேறும்போது பவளம் தன்னுள் வாழும் பாசியை இழந்து வெளுத்துப்போகும். சூடு நீடித்தால் செத்துவிடும். செத்த எலும்புக்கூட்டின் மேல் புதர் மாதிரி வேறு பாசி படர்ந்துவிட்டால், மிதந்து வரும் பவளக் குஞ்சு ஒட்டிக்கொள்ள இடமிருக்காது. கிளிமீன் அந்தப் பாறையைச் சுரண்டிச் சுத்தம் செய்து வைக்கிறது. களை பறிக்கிற வேலை. தோட்டத்தில் வேலை செய்த குடும்பத்துக்கு அதன் அருமை தெரியும்.

2010-இல் நம் தீவுகளில் பவளம் வெளுத்தபோது, தியோமான், ரெடாங் போன்ற இடங்களில் சில முக்குளிப்புப் பகுதிகளைச் சில மாதங்கள் மூடி வைத்தார்கள். 2024 ஏப்ரலில் உலகம் முழுவதும் மீண்டும் ஒரு வெளுப்பு நடப்பதாக அறிவித்தார்கள். அது நான்காவது முறை. நம் தீவுகளும் தப்பவில்லை. ஷார்க் பாயிண்டுக்குப் போகும் வழியிலேயே சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்த பெரிய திட்டுகளைப் பார்த்தோம். அவற்றின் மேல் முழுக்க வெள்ளைக் கீறல்கள், இரட்டை இரட்டையாக. கிளிமீன் பல் பட்ட தடம். கடலைச் சூடாக்குவதை இந்த மீன் தடுக்க முடியாது. செத்த பிறகு இடத்தைக் கூட்டி வைக்க மட்டும் அதனால் முடியும். மத்திய அமெரிக்காவில் உள்ள பெலிஸ் என்ற சின்ன நாடு 2009-இலேயே கிளிமீன் பிடிப்பதை முழுவதும் தடை செய்துவிட்டது. நம் நாட்டில் பெர்ஹெந்தியான் போன்ற கடல் பூங்காத் தீவுகளைச் சுற்றி இரண்டு கடல்மைல் தூரம் வரை எந்த மீனும் பிடிக்கக் கூடாது. அதற்கு வெளியே பிடித்தால் தவறில்லை. நம் பாசாரில் இந்த மீன் விற்பவரும் குற்றவாளி இல்லை.

புறப்படும் நாள் காலை, பையெல்லாம் கட்டி முடித்த பிறகு மைலோ டின் என் கணவரின் கண்ணில் பட்டது. கடல் பூங்காவிலிருந்து மணல், சிப்பி, பவளம் எதையும் எடுத்துப் போகக்கூடாது. அறிவிப்புப் பலகையிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது, முதல் நாளே நான் படித்தேன். அம்மாவிடம் சொல்லத்தான் மனம் வரவில்லை. எப்படிச் சொல்வது என்று கணவரும் நானும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். டின்னை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் நடந்து போனார். கரையில் கொட்டுவார் என்று பார்த்தால், கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, இடுப்பளவு போய், அங்கே சாய்த்துவிட்டு வந்தார். டின்னைக் கழுவித் துடைத்து மறுபடியும் பிஸ்கட்டைப் போட்டார். வழியில் பேத்திக்குப் பசிக்குமே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கிள்ளான் பாசார். அம்மா பதினைந்து ஆண்டுகளாக மீன் வாங்கும் கடை. எங்களைப் பார்த்ததும் கடைக்காரத் தம்பி, "அம்மா, பாயான் வந்திருக்கு. சதை வெள்ளையா இருக்கும், முள்ளு குறைச்சல். சம்பால் போட்டுப் பொரிச்சா பிள்ளைங்க விரும்பித் திங்கும்" என்றார். ஐஸ் மேல் மூன்று கிடந்தன. இரண்டு செங்காவி, ஒன்று பச்சை. கடலில் பார்த்த நிறத்தில் பாதிகூட அதில் இல்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க பிடிச்சது தம்பி?"

"தெரியலம்மா. லோரியில வருது."

அம்மா பச்சையைத் திருப்பிப் பார்த்தார். "இது ஆம்பிள" என்றார். பிறகு ஒரு கிலோ கெம்போங் நிறுக்கச் சொன்னார். தம்பி தராசில் போட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா மறுபடியும் அந்தப் பச்சை மீனிடம் போனார். கட்டை விரலால் அதன் மேலுதட்டைத் தூக்கினார்.

"இங்க வா தம்பி, இதைப் பாரு. இதெல்லாம் பல்லு. இது கல்லைத் திங்கும், தெரியுமா?"

தம்பி கையிலிருந்த பையை அப்படியே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த சீன மூதாட்டியும் கூடையோடு எட்டிப் பார்த்தார்.